டிம்மில் ரோடு, பிரைட்டில் ஜெயந்தி அக்கா

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை டெல்லி ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸ் முன்னால் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, நான். கூடவே, பின்சீட்டைக் கழற்றிப் போட்ட எங்கள் பழைய வேன். அதற்குள் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை போர்த்திய டிரம்களில் இட்லி மாவு. வேனின் முகத்தில், முந்தின நாள்தான் கரோல் பாக்கில் மாட்டிய புத்தம்புது எல்.இ.டி. ஹெட்லைட்.

இல்லாதவர்கள்: மாவு வாங்குகிறவர்கள்.

ஒருவர்கூட இல்லை. எந்தப் பனியிலும் முதல் ஆளாக எவர்சில்வர் தூக்கோடு இறங்கி வருகிற ஜெயந்தி அக்காகூட இல்லை.

அப்பா லைட்டை இன்னொரு முறை அடித்தார். வெள்ளை வெளிச்சம் மூன்று மாடியையும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துவிட்டு அணைந்தது. இரண்டாம் மாடியில் ஒரு திரைச்சீலை நகர்ந்தது. அப்பாடா என்று நிமிர்ந்தோம். அது மூடுவதற்காக நகர்ந்த திரைச்சீலை.

"ஞாயித்துக்கெழம பாரு தம்பி... தூங்குவாங்க" என்றார் அப்பா.

நானும் நம்பினேன். நம்புவதற்கு வசதியாக இருந்தது — லைட்டைத் தேர்ந்தெடுத்தது நான்தானே!

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு எங்கள் வேனைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அப்பாவும் அம்மாவும் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு டெல்லி வந்தவர்கள். சிமென்ட் சட்டி, பிறகு தள்ளுவண்டி இட்லி, பிறகு கிரைண்டர், பிறகு வேன். மதன்கீரில் எங்கள் வீடு. அங்கே அரைக்கிற மாவைத் தினமும் விடிவதற்குள் அரசாங்கக் குவார்ட்டர்ஸ்களுக்குக் கொண்டுபோய் விற்கிறார்கள். எங்கள் வீட்டில் முதல் முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். இந்த மாவில்தான் போனேன்.

டெல்லிக் குளிரில் வீட்டில் மாவு புளிக்காது. இங்கே இருக்கிறவர்களுக்கு அது ஒரு நிரந்தர சோகம். ராத்திரி கரைத்து வைத்தால், காலையில் வைத்த இடத்தில் வைத்த உயரத்திலேயே இருக்கும். அம்மாதான் டிரம்மைச் சுற்றி ரஜாய் போர்த்தி, ஹீட்டர் பக்கத்தில் படுக்கவைத்து, பிள்ளை மாதிரி எழுப்பிக் கொண்டுவருவாள். குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் நல்ல ரஜாய் மாவுக்கு. எங்களுக்கு சால்வை.

சரி, லைட்டுக்கு வருகிறேன்.

காலனிக்குள் ஏழு மணிக்கு முன்னால் ஹார்ன் அடிக்கக் கூடாது என்று குடியிருக்கிறவர்கள் சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். தூங்குகிற நேரத்தில் எவனோ மாவு விற்கிறான் என்பதற்காக எல்லாரும் எழுந்திருக்க முடியுமா? போன் பண்ணலாமே என்கிறீர்களா? ஒரு வீட்டில் நைட் டியூட்டி முடித்துப் படுத்த கணவர். இன்னொரு வீட்டில் பரீட்சைக்குப் படித்துவிட்டுத் தூங்குகிற பெண். போன் அடித்தால் வீடே எழும். வாட்ஸ்அப்? அப்பாவுக்கு எழுத்து வராது. வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். ஆனால், அந்த நேரத்தில் அடுப்படியில் நிற்கிறவர்களின் கை பாலிலோ குழாயிலோ இருக்கும், போனில் இருக்காது.

அப்பா தானாக ஒரு வழி கண்டுபிடித்தார்.

வேனை ஒவ்வொரு படிக்கட்டுக்கும் நேராகத் திருப்பி நிறுத்துவார். பிரைட் லைட்டை இரண்டு முறை அடிப்பார். மஞ்சள் வெளிச்சம் படிக்கட்டுச் சுவரில் ஓட்டை ஓட்டையாக இருக்கிற சிமென்ட் ஜாலி வழியாகப் புகுந்து, பக்கத்துச் சமையலறை ஜன்னல்களில் பூவாகச் சிதறும். அவ்வளவுதான். சத்தம் இல்லை. தூங்குகிறவன் தூங்குவான். விழித்திருக்கிறவள் தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கி வருவாள். பல வருஷங்களாக எங்கள் வியாபாரத்துக்குக் காலிங் பெல் அந்த ஹெட்லைட்தான்.

அந்த ஹெட்லைட்டுக்குத்தான் பார்வை மங்கிவிட்டது.

வேனுக்கு வயதாகிவிட்டது. ரிஃப்ளெக்டருக்குள் துரு. கண்ணாடியில் புகை. இடது லைட் எரியும், ஆனால் எரிகிறதா என்று இறங்கிப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். ஜனவரிப் பனியில் அம்மா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "எடது... எடது... நேரா வுடு... நேரா..." என்று சொல்லிக்கொண்டே வருவாள். அப்பா ஓட்டுவார். ரோட்டைப் பார்ப்பது அம்மா.

ஒருநாள் முனீர்கா சர்வீஸ் ரோட்டில், நியூஸ்பேப்பர் கட்டோடு ஒரு சைக்கிள்காரர் பனிக்குள்ளிருந்து திடீரென்று முளைத்தார். அப்பா மிதித்த மிதியில் வேன் குலுங்கி நின்றது. மோதவில்லை. அவர் பயத்தில் தானாகவே விழுந்தார். ஒரு டிரம்மின் மூடி பறந்து, அரை டிரம் மாவு அம்மா மடியில்.

அப்பா இறங்கிப்போய் ரோட்டில் சிதறிய பேப்பர்களைப் பொறுக்கிக் கொடுத்தார். சைக்கிள்காரர் ஹிந்தியில் நாலு வார்த்தை திட்டிவிட்டு, பனிக்குள்ளேயே மறைந்துபோனார்.

அம்மா புடவையிலிருந்து மாவை வழித்துக்கொண்டே சொன்னாளாம்: "ஏய்யா, லைட்ட மாத்து. இல்லாட்டி வண்டிய வித்துரு. லைட்டு மாத்தாம நானும் ஏற மாட்டேன், ஒன்னையும் ஏற வுட மாட்டேன்."

அம்மா சொன்னால் சொன்னதுதான். வேன் இல்லையென்றால் மாவு இல்லை. சரோஜினி நகர் பழைய குவார்ட்டர்ஸ்களை இடித்தபோதே பாதி வாடிக்கை திசைக்கொன்றாகப் போய்விட்டது. மிச்சம் இருப்பது இந்த ஆர்.கே. புரம் படிக்கட்டுகள்தான். இதுவும் போனால்? பத்தே நிமிடத்தில் பாக்கெட் மாவைக் கொண்டுவந்து கதவைத் தட்டுகிற ஆப் காத்துக்கொண்டிருக்கிறது.

அப்பா என்னிடம் வந்தார்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அட்டைப்பெட்டியின் மேல் இங்கிலீஷ் எழுதியிருந்தால் அது என் டிபார்ட்மென்ட். மாத்திரையா, மிக்ஸியா, கரண்ட் பில்லா — "தம்பி பாத்துச் சொல்லட்டும்." நானும் சும்மா சொல்லமாட்டேன். குர்காவ் ஆபீஸுக்குப் போகிற மெட்ரோவில் ஒரு வாரம் ஹெட்லைட் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். லூமென் என்றால் என்ன, கெல்வின் என்றால் என்ன, எந்த பல்பு எத்தனை மீட்டர் தூரம் அடிக்கும்... ஒரு கட்டத்தில் பக்கத்து சீட்காரரே என் போனைப் பார்த்து, "பாய்சாப், கார் இருக்கா?" என்று கேட்டார். "மாவு வேன் இருக்கு" என்றேன். அதற்கு அப்புறம் அவர் பேசவில்லை.

சனிக்கிழமை, அப்பாவோடு கரோல் பாக். வண்டி சாமான்கள் விற்கிற கடைகள் வரிசையாக நிற்கிற தெரு. ஒரு கடைக்காரர் பகல் வெளிச்சத்திலேயே ஒரு பல்பை எரியவிட்டுக் காட்டினார். எங்கள் நிழல் எதிர்ச்சுவரில் விழுந்தது.

"சார், ராத் மே பீ தின் ஹோ ஜாயேகா!" என்றார். ராத்திரியே பகலாகிவிடுமாம்.

அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். பிறகு மெதுவாக என் பக்கம் சாய்ந்து, "மஞ்சளா ஒண்ணும் இல்லியா தம்பி?" என்றார்.

"மஞ்சள்லாம் பழசுப்பா. இப்ப வர்ற வண்டியெல்லாம் வெள்ளைதான்."

"அப்பிடியா... சரி. நீ படிச்சவன்."

ஒரே ஒரு முறைதான் கேட்டார். பிறகு பர்ஸை எடுத்துவிட்டார்.

மாட்டி முடித்ததும் அப்பாவுக்கு உண்மையிலேயே பெருமை. வழியில் டீக்கடையில் நிறுத்தி, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும், "பேட்டே நே லகாயா" என்று மூன்று பேருக்காவது சொன்னார். மகன் மாட்டியது. அவர் வேட்டியின் முனையால் லைட் கண்ணாடியைத் துடைத்ததை நான் பார்த்தேன். என் மெட்ரோ ஆராய்ச்சி வீண்போகவில்லை என்று எனக்கும் ஒரு திருப்தி.

மறுநாள்தான் அந்த ஞாயிறு.

வீட்டை விட்டுக் கிளம்பி அவுட்டர் ரிங் ரோட்டில் ஏறியதும் பனி. அப்பா லைட்டைப் போட்டார். முன்னால் ரோடு இல்லை. ரோடு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைச் சுவர். கடைக்காரர் சொன்னது சத்தியம்: பகலாகத்தான் ஆகிவிட்டது — பனியே பகலாகிவிட்டது. எவ்வளவு வெளிச்சம் அடித்தோமோ அவ்வளவும் பனியில் பட்டு எங்கள் முகத்துக்கே திரும்பி வந்தது.

"தம்பி... ரோடு எங்கடா?" என்றாள் அம்மா. "பாலு டம்ளருக்குள்ள உக்காந்தாப்ல இருக்குது."

"புது லைட்டும்மா. கண்ணு பழகணும்."

அம்மா மப்ளரைக் கட்டிக்கொண்டு தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். "எடது... எடது..."

காலனிக்கு எப்படியோ வந்து சேர்ந்து, படிக்கட்டுக்கு நேராக நிறுத்தி, இரண்டு முறை லைட் அடித்து... அதைத்தான் முதலிலேயே சொன்னேனே. யாரும் வரவில்லை. தரைத்தளத்திலிருந்து குரங்குக் குல்லா போட்ட ஒருவர் மட்டும் வந்தார். மாவுக்காக இல்லை.

"அரே பையா! லைட் பந்த் கரோ! ரெய்ட் ஹை க்யா?"

இல்லை சார், ரெய்டு இல்லை, இட்லி மாவு என்று நான் ஹிந்தியில் விளக்கினேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே உள்ளே போய்விட்டார். அப்பா ஞாயிற்றுக்கிழமைமேல் பழியைப் போட்டார். திரும்பிவிட்டோம்.

திங்கள்கிழமை முதல் எனக்கு ஆபீஸ். சாயங்காலம் வந்ததும் கேட்பேன்.

"எப்படிப்பா இருக்கு லைட்டு?"

"சூப்பரா இருக்குது தம்பி."

"வியாபாரம்?"

"போவுது."

அந்த வாரம் எங்கள் வீட்டில் ராத்திரி தோசை. காலையில் தோசை. என் ஆபீஸ் டிபன்பாக்ஸில் தோசை. புதன்கிழமை ஊத்தப்பம் — ஒரு மாறுதலுக்கு. கொஞ்சம் புளிப்பு தூக்கலாகத்தான் இருந்தது. ஆனாலும் நன்றாகச் சாப்பிட்டேன். மாவு விற்கிற வீட்டில் மாவு மிஞ்சுகிறதே, ஏன் என்று ஒரு நாளாவது யோசித்திருக்கவேண்டாமா? தோசை மெல்லுகிற வாய்க்கு யோசனை வருமா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவைத் திறந்ததும் தைல வாசனை. அப்பா கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வேட்டியை இழுத்து மூடினார்.

"என்னப்பா கால்ல?"

"குளிரு தம்பி."

கிரைண்டர் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "குளிரா? சொல்லுய்யா. படிச்ச புள்ளகிட்ட சொல்லு, குளிரு எத்தன மாடின்னு."

"அஞ்சல... நீ சும்மா இரு" என்று அப்பா அம்மாவை அடக்கப் பார்த்தார்.

"நான் எதுக்குச் சும்மா இருக்கணும்? அஞ்சு நாளா சும்மாத்தான இருந்தேன்?"

கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்து, என் முன்னால் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அம்மா கொட்டிவிட்டாள். அந்த லைட்டில் பனிக்குள் போக முடியவில்லை. அதனால் பனி கொஞ்சம் வெளுத்த பிறகுதான் கிளம்புகிறார்கள். காலனி போய்ச் சேரும்போது விடிந்துவிடுகிறது. விடிந்த பிறகு லைட் அடித்தால் யாருக்குத் தெரியும்? அதனால் அப்பா தூக்கில் மாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மாடியாக ஏறி, ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறார். லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். பாதி வீட்டில், நேரமாகிவிட்டது என்று பிரெட் டோஸ்ட் முடித்திருக்கிறார்கள். சில வீட்டில் பாக்கெட் மாவு வந்து இறங்கியிருக்கிறது. மிச்ச மாவு வீட்டுக்குத் திரும்பி வருகிறது. அதைத்தான் நான் ஊத்தப்பமாகச் சாப்பிட்டிருக்கிறேன்.

"ஜெயந்தி அக்கா?" என்றேன்.

"அந்தம்மாதான் கேட்டுச்சு, ஞாயித்துக்கெழம வந்தது ஆம்புலன்ஸுங்களான்னு."



"ஏன்ப்பா எங்கிட்ட சொல்லல?"

அப்பா தைல டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். அது எப்போதோ மூடிவிட்டது.

"லைட்டு நல்லாத்தான் தம்பி இருக்குது" என்றார். "எனக்குத்தான் அதுல ஓட்டத் தெரியல."

அந்த நிமிஷம் எனக்கு ஒரு ஷூ ஞாபகம் வந்தது. முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வாங்கித் தந்தது. இங்கிலீஷ் சைஸ் பார்த்து நானே எடுத்தேன். ஒரு வருஷம் போட்டுக்கொண்டு திரிந்தார். அது அவருக்கு அரை சைஸ் சின்னது என்பது, ஒரு கல்யாணத்தில் அதைக் கழற்றி வைத்தபோது காலில் காய்ப்பைப் பார்த்துத்தான் தெரிந்தது.

வீட்டில் முதலில் படித்தவனாக இருப்பதில் நிறைய கஷ்டம் உண்டு. அதைப் பற்றி நானே இங்கே பல வாரம் புலம்பியிருக்கிறேன். ஆனால், ஒரு ஆபத்தைச் சொன்னதில்லை. நம்மை யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். படித்த குடும்பத்தில் பிறந்த என் நண்பன் ஏதாவது தப்பாக வாங்கிக்கொண்டு போனால், அவன் அப்பா வாசலிலேயே, "அறிவிருக்கா உனக்கு?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். என் அப்பா கேட்கமாட்டார். நான் தப்பு செய்தால், தப்பைத் தன் முழங்காலில் வாங்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுவார். நம் படிப்பின்மேல் அவர்களுக்கு இருக்கிற மரியாதையை நாம் கொஞ்சம் பயத்தோடுதான் பார்த்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெட்ரோவில் ஒரு வாரம் யார் யாரிடமோ தேடியதை, முதல் முறையாக அவரிடம் கேட்டேன்.

"உனக்கு எப்படிப்பட்ட லைட்டுப்பா வேணும்?"

"எனக்கா?"

"நீதான ஓட்டற?"

தைல டப்பாவைக் கீழே வைத்தார். பிறகு ஆரம்பித்தார். ஆரம்பித்ததும் நிற்கவில்லை.

"மஞ்சளா இருக்கணும் தம்பி. மஞ்சள்னா பனியில கொஞ்சம் கண்ணு கூசாது. டிம்முல போட்டா தூரம்லாம் வேணாம், கீழ பாக்கணும். எடது பக்கம் ரோட்டோரம் தெரிஞ்சாப் போதும், அதப் புடிச்சிக்கிட்டே நான் கன்னியாகுமரி வரைக்கும் போயிருவேன். பிரைட்டு மட்டும் மேல ஏறணும், அந்த ஜாலிக்கு. ரெண்டு தடவ அடிச்சா அந்தம்மா எறங்கி வரணும். வேற என்னா..."

"எதுத்தாப்ல வர்றவன் திட்டக் கூடாது" என்று அம்மா சேர்த்துக்கொண்டாள். "அந்த லைட்டப் போட்டுக்கிட்டு வந்தப்ப எத்தன பேரு திட்டுனான்? எனக்குத்தான ஜன்னல்ல தல இருந்துச்சு? அத்தனையும் எனக்குத்தான்."

டிம்மில் ரோடு, பிரைட்டில் ஜெயந்தி அக்கா. இவ்வளவுதான் தேவை. எந்த வீடியோவிலும் இது இல்லை.

சனிக்கிழமை கரோல் பாக் போனேன். கடைக்காரர் பல்பைக் கையில்கூட வாங்கவில்லை. "எலெக்ட்ரிக் ஐட்டம் வாபஸ் நஹீ ஹோதா சார்." ஃபிட் பண்ணின சாமான், திரும்ப எடுக்கமாட்டோம். ராத்திரியைப் பகலாக்கினவர், போன வாரத்தை இந்த வாரமாக்க மாட்டேன் என்கிறார்! சண்டை போட்டுப் பார்த்தேன். எனக்குச் சண்டை வராது. அவருக்கு வரும்.

அங்கிருந்து நேராக மதன்கீரில், ரோட்டோரம் வண்டிக்கு வயரிங் பார்க்கிற சலீம் பாயிடம். ஒரு மணிக்கு வேனோடு வரச்சொன்னார், நானும் அப்பாவும் போய் நின்றோம். அவர் நாலு மணிக்கு வந்தார். எல்.இ.டி.யைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதப் போட்டுக்கிட்டு கல்யாண ஊர்வலத்துல போங்க, பேண்டுக்காரன் காசு குடுப்பான்" என்று ஹிந்தியில் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அப்பாவும் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்துவிட்டு.

பழைய ரிஃப்ளெக்டரும் கண்ணாடியும் இரண்டு பக்கமும் மாறின. சாதாரண ஹாலஜன் பல்பு, மஞ்சள். உள்ளே வயர் பழசாகி, பேட்டரியிலிருந்து கிளம்புகிற கரண்ட் லைட்டுக்கு வந்துசேர்வதற்குள் பாதி செத்துப்போகிறதாம். தடித்த வயர் இழுத்து, ரிலே வைத்துக் கொடுத்தார். நடுவில் இரண்டு முறை டீக்குப் போனார். ஒரு முறை ஸ்குரூடிரைவரைத் தொலைத்தார். அது அவர் காதில் இருந்தது.

இருட்டிய பிறகு, லைட் எங்கே விழவேண்டும் என்று பார்க்கிற வேலை. பள்ளிக்கூடக் காம்பவுண்ட் சுவருக்கு நேராக வேனை நிறுத்தினோம். அப்பா நொண்டிக்கொண்டே போய்ச் சுவர் பக்கத்தில் நின்று, வலிக்கிற முழங்காலுக்கு நேராகச் சுவரில் கையை வைத்தார்.

"டிம்மு இங்க படணும்!"

சலீம் பாய் திருகினார். மஞ்சள் வட்டம் இறங்கி இறங்கி, அப்பாவின் கைக்கு வந்து நின்றது.

"இன்னும் கொஞ்சம் எடது... எடது..." இது அம்மா. வேனின் முன்சீட்டிலிருந்து, பழக்கதோஷத்தில்.

"இப்ப பிரைட்டு!" என்றார் அப்பா. கையைத் தலைக்கு மேல் தூக்கினார். வெளிச்சம் அவர் முகத்தைத் தாண்டி மேலே ஏறியது. சுவரை ஒட்டி நிற்கிற வேப்பமரத்தின் அடிக்கிளை மஞ்சளாயிற்று. அங்கே தூங்கிக்கொண்டிருந்த ஒரு காக்கா எழுந்து எங்களைத் திட்டியது.

"போதும். ஜெயந்தியம்மா வீடு அவ்ளோ ஒசரம்தான்."

மறுநாள், மறுபடி ஒரு ஞாயிறு. மறுபடி பனி. மறுபடி நாங்கள் மூன்று பேர்.

ரோடு கண்ணாடி மாதிரி தெரிந்தது என்று பொய் சொல்லமாட்டேன். பனி பனிதான். ஆனால், இடது பக்கம் ரோட்டோர வெள்ளைக்கோடு வேனுக்கு முன்னால் கொஞ்ச தூரம் வரைக்கும், யாரோ பிடித்துக்கொண்டு நடத்திப்போவதுபோல வந்துகொண்டே இருந்தது. அப்பா மெதுவாக, அதைப் பிடித்துக்கொண்டே ஓட்டினார்.

முனீர்கா தாண்டும்போது எனக்கு ஏதோ குறைவதுபோல் தோன்றியது. என்ன? சத்தமே இல்லை. 'எடது... எடது...' இல்லை. பின்னால் டிரம்களுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்தேன். அம்மா ஜன்னல் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, மப்ளரோடு தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இத்தனை குளிர்காலத்தில் அந்த சீட்டில் அம்மா தூங்கி நான் பார்த்ததில்லை.

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு தலைக்கு மேல் இருந்த கண்ணாடியில், பின்னால் இருந்த என்னைப் பார்த்தார். கியரைச் சத்தம் வராமல் மாற்றினார்.

காலனி. படிக்கட்டுக்கு நேராக வேன். பிரைட், இரண்டு முறை.

ஜாலியில் மஞ்சள் பூ விழுந்து மறைந்தது.

காத்திருந்தோம். அப்பாவின் கை ஸ்டீரிங்கிலேயே இருந்தது. மூன்றாவது முறை அடிக்கலாமா என்று நான் கேட்க வாயெடுத்தேன். அடிக்கமாட்டார் என்று தெரியும். இரண்டு என்றால் இரண்டுதான்; மூன்றாவது தொந்தரவு.

இரண்டாம் மாடியில் திரைச்சீலை நகர்ந்தது. இந்த முறை திறப்பதற்காக.

படிக்கட்டில் செருப்புச் சத்தம். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், கையில் எவர்சில்வர் தூக்கு. ஜெயந்தி அக்காவுக்கு சொந்த ஊர் திருநெல்வேலி. டெல்லி வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் பேச்சு தாமிரபரணிக் கரையிலேயே நிற்கிறது.

"என்ன அண்ணாச்சி! நேத்து வரைக்கும் மாடி ஏறி வந்து குடுத்திய, நானும் மகாராணி கணக்கா வாசல்ல நின்னு வாங்கிட்டிருந்தேன். இன்னைக்கி மறுபடியும் எறங்கி வரச் சொல்லுதியளே!"

"காலு வலிக்குதும்மா."

"எனக்கு மட்டும் வலிக்காதா?" என்று சிரித்துக்கொண்டே தூக்கை நீட்டினார். பிறகு குனிந்து ஹெட்லைட்டைப் பார்த்தார். "இது என்ன, பழைய லைட்டையே மாட்டிட்டியளா? கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு. அந்த ஆம்புலன்ஸ் வேண்டாம் அண்ணாச்சி, யார் வீட்ல என்ன ஆச்சோன்னு அன்னைக்கி வெளக்கக்கூட போடாம படுத்துட்டேன்லா..."

"பழசு இல்லம்மா" என்றார் அப்பா. "புதுசு. எம்மவன் போட்டது."

நான் மாவு டிரம்மின் ரஜாயைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

ஒவ்வொரு படிக்கட்டாகப் போனோம். எல்லாரும் வந்தார்கள் என்று சொல்ல ஆசைதான். கடைசி பிளாக்கில் இரண்டு வீடுகள் வரவில்லை. பாக்கெட் மாவுக்குப் பழகிவிட்டார்கள் போலிருக்கிறது. இதை எழுதுகிற இன்று வரைக்கும் வரவில்லை. அந்தப் படிக்கட்டுக்கு முன்னாலும் அப்பா தினமும் நிறுத்தி இரண்டு முறை அடித்துவிட்டுத்தான் நகர்கிறாராம்.

எல்.இ.டி. பல்புகளை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். விற்றுவிடலாம் என்று தேடினேன். வீட்டில் காணவில்லை. கடைசியில் பீரோவின் மேல்தட்டில் கிடைத்தன. பெட்டியோடு, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, என் டிகிரி சர்டிபிகேட் ஃபைலுக்குப் பக்கத்தில். அங்கே வைக்கக்கூடியவர் ஒருவர்தான். நான் எடுக்கவில்லை. கதவை மூடிவிட்டேன்.

மொத்தச் செலவு, ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது ரூபாய் — முழங்கால் தைலம் உட்பட.